கோவலன் நடந்த வழி

திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில், விராலிமலையைத் தாண்டினால் கொடும்பாளூர் வரும். மூவர் கோயிலைப் பார்க்கப் போயிருந்தேன். மூன்றில் இரண்டுதான் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். அங்கே நின்றபோது கொடும்பாளூர் வேளிர்களின் நினைவு வரவில்லை. ஒரு நடிகரின் நினைவு வந்தது. வாசகர்கள் சிரிக்கலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகும் வழி கொடும்பையில் மூன்றாகப் பிரிகிறது. அந்தக் கொடும்பை இந்த ஊர்தான் என்பார்கள். 1942-ல் 'கண்ணகி' படத்தில் அந்தக் கோவலனாக வந்தவரும் இந்தச் சீமைக்காரரே: 1916-ல் புதுக்கோட்டையில் பிறந்த பி. யு. சின்னப்பா.

சின்னப்பாவைப் பற்றிப் பேச்சு எழுந்தால், பாட்டில் அவர் பெரியவரா, பாகவதர் பெரியவரா என்று வழக்காடுவது நம்மவர் பழக்கம். இல்லாவிட்டால் வித்தைகளை அடுக்குவார்கள். 'உத்தம புத்திர'னில் (1940) இரட்டை வேஷம். பிரெஞ்சு நாவலாசிரியர் டூமாவின் முகமூடிக் கதையைத் தழுவிய படம் அது. 'ஜகதலப்பிரதாப'னில் (1944) ஒரே கச்சேரியில் ஐந்து சின்னப்பா! 'மங்கையர்க்கரசி'யில் (1949) மூன்று வேஷம். எல்லாம் சரிதான். ஆனால் இவற்றில் காமிராவின் சாமர்த்தியமும் பாதி. ஒரே ஆளாக நின்று அவர் என்ன செய்தார்?

'கண்ணகி'யை அண்மையில் மறுபடி பார்த்தேன். கண்ணாம்பாவின் ஆவேசமும் இளங்கோவனின் வசனமும் ஊரறிந்த பெருமைகள். கோவலனை யாரும் பாராட்டுவதில்லை. பாராட்ட அவனிடம் என்ன இருக்கிறது? மனைவியைப் பிரிகிறான், பொருளைத் தொலைக்கிறான், திரும்பி வருகிறான், செய்யாத களவுக்காக வெட்டுண்டு சாகிறான். சின்னப்பாவோ மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். கம்பும் கத்தியும் பழகிய தேகம். அப்படிப்பட்டவர் தோற்றுப்போனவன் வேஷத்தை ஏற்று, அதற்குள் தம் வீரத்தை நுழைக்காமல் இருந்தாரே, அதைத்தான் நான் நடிப்பு என்பேன்.

குறையும் உண்டு. மேடை வாசனை முழுக்கப் போகவில்லை. பாட்டு வந்ததும் கோவலன் ஒதுங்கிக்கொள்ள, பாடகர் முன்னால் வந்துவிடுகிறார்.

ஆனாலும் நாவல் எழுதுகிறவனுக்கு இந்தக் காரியத்தின் கஷ்டம் தெரியும். வீரனை எழுதுவது சுலபம். தப்புச் செய்துவிட்டு வெட்கத்தோடு வீடு திரும்புகிறவனை, வாசகர் வெறுத்துவிடாமலும், அவன் தப்பை மறந்துவிடாமலும் எழுதுவதுதான் பெரும்பாடு.

1951 செப்டம்பர் 23-ல் சின்னப்பா காலமானார். வயது 35. மறு வருஷமே 'பராசக்தி' வந்தது. சொந்தக் குரலில் பாடாத ஒரு கதாநாயகர் வசனத்தாலும் முகபாவத்தாலும் நாட்டையே கவர்ந்தார். பாட்டைக் கழித்துவிட்டு நடிப்பை மட்டும் நிறுத்துப் பார்க்கும் காலம் பிறந்தபோது, அந்தத் தராசில் ஏறி நிற்கச் சின்னப்பா இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். பாகவதரா, சின்னப்பாவா என்று அடுத்த முறை வழக்காடுகிறவர்கள், அதற்குமுன் 'கண்ணகி'யை ஒருமுறை பார்க்கட்டும். பாட்டைக் கொஞ்சம் மறந்துவிட்டு, கோவலனைப் பார்க்கட்டும்.