ஆத்தும சோதனை யாருக்கு? - 'கருக்கு'வை முன்வைத்துச் சில கேள்விகள்

1

பாமாவின் 'கருக்கு' 1992இல் வெளிவந்தது. அதைப்பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றை அடுக்கினால் அந்தச் சின்னப் புத்தகத்தைவிடப் பல மடங்கு உயரம் வரும். லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000இல் வந்தபிறகு, தமிழே தெரியாதவர்களும் அதை வாசித்து ஆய்வேடு எழுதுகிறார்கள். எல்லாம் சரிதான். ஆனால் எப்படி வாசித்திருக்கிறோம்?

நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது எங்களுக்கு இதை நடத்தியவர் 'வட்டார வழக்கு' என்ற தலைப்புக்குள் அடக்கிவிட்டுப் போனார். கொச்சை, வசவு, சொலவடை என்று மூன்று பட்டியல். அதோடு பாடம் முடிஞ்சது. பகுத்தறிவுத் தோழர்கள் வேறு மாதிரி வாசிக்கிறார்கள். கன்னியர் மடத்தைவிட்டு ஒரு பெண் வெளியேறினார், ஆகவே மதத்தை உதறினார் என்று அவர்களே முடிவெழுதிக் கொள்கிறார்கள். திருச்சபைக்காரர்களோ இது ஒரு மடத்தில் ஒருவருக்கு நேர்ந்த கசப்பு, அவ்வளவுதான் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

மூன்று தரப்பும் ஒன்றைத் தாண்டிப் போயிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 'கருக்கு' விசுவாசத்தைப் பற்றிய புத்தகம். ஜெபம், பூசை, தவம், துறவு ஆகிய பயிற்சிகள் ஒரு தலித் பெண்ணின் உடம்பிலும் மனசிலும் என்ன செய்தன, எந்தக் கூட்டத்தோடு சேர்ந்திருந்தபோது அவருடைய விசுவாசம் வளர்ந்தது, எந்தக் கூட்டத்தில் அது செத்துக்கொண்டிருந்தது என்று கணக்குப் பார்க்கும் புத்தகம். இந்தக் கோணத்தில் அதை வாசிப்பதற்கான தேவை இன்றைக்கு நமக்கு இருக்கிறது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

2

'கருக்கு'வில் வரும் சிறுவயதுப் பக்திப் பயிற்சி முழுக்கப் பயத்தால் கட்டப்பட்டது. ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்யாவிட்டால் அடி. பூசைக்குப் போகாவிட்டால் தண்டனை. பிசாசு பயம், பாவ பயம். பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன்னால் முழங்காலில் நின்று, செய்த பாவத்தை எண்ணி எண்ணிச் சொல்ல வேண்டும். ஏழெட்டு வயசுப் பிள்ளைக்கு என்ன பாவம் இருந்துவிடப் போகிறது? இல்லாத பாவத்தையும் தேடிக் கண்டுபிடித்துச் சொல்ல வைக்கிற பயிற்சி அது.

கத்தோலிக்கச் சேரிகளில் வளர்ந்த எவருக்கும் இது புதுசு இல்லை. தவக்காலம் வந்தால் ஒருசந்தி, சுத்தபோசனம். ஒருவேளை மட்டும் வயிறாரச் சாப்பிடுவது ஒருசந்தி. கறி விலக்குவது சுத்தபோசனம். எங்க அம்மாச்சி சொல்லும்: "வருசம் பூராம் நமக்கு ஒருசந்திதான். இதுல தனியா நாப்பது நாளைக்கு என்ன ஒருசந்தி?" இதை வெறும் நக்கல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இது ஒரு இறையியல் கேள்வி. உபவாசம் என்கிற பயிற்சி, தினமும் சாப்பிடுகிறவனை மனசில் வைத்து உருவாக்கப்பட்டது. நிறைய வைத்திருப்பவன் கொஞ்சத்தை விடும்போது அங்கே பசி என்றால் என்ன என்பது அவனுக்குத் தெரியவரும்; அது நியாயம். மாட்டுக்கறி எப்போதாவது கிடைத்தால் அதையே திருவிழாவாகக் கொண்டாடுகிற வீட்டில் போய் வெள்ளிக்கிழமை கறி தின்னாதே என்று சொன்னால், அங்கே தவம் நடக்கவில்லை, கீழ்ப்படிதல் மட்டுமே நடக்கிறது.

பாமா இந்த இடத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார். சாந்தமான, பொறுமையான, அடித்தால் வாங்கிக்கொள்கிற இயேசுவை மட்டுமே தங்களுக்குச் சொல்லித் தந்தார்கள் என்கிறார். அநியாயத்தைக் கண்டு கோபப்பட்ட இயேசு, ஒடுக்கப்பட்டவர் பக்கம் நின்ற இயேசு எங்கே போனார் என்று கேட்கிறார். ஆக அவருடைய சண்டை இயேசுவோடு இல்லை. இயேசுவைப் பாதியாக வெட்டிப் பரிமாறியவர்களோடு.

3

மடத்தில் மூன்று வார்த்தைப்பாடுகள்: ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். துறவு வாழ்வின் அடித்தளம் இவை என்று சொல்லப்படுகிறது. 'கருக்கு'வின் மிக வலுவான விமர்சனம் ஏழ்மை வார்த்தைப்பாட்டின்மீது விழுகிறது. தன் வீட்டில் உண்மையான ஏழ்மையில் வாழ்ந்தவர், ஏழ்மையை விரதமாக ஏற்ற இடத்தில் வசதியைக் காண்கிறார். ஏழைப் பிள்ளைகளுக்காக உழைக்க வேண்டும் என்று போனவரைப் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் வேலை செய்ய வைக்கிறார்கள். கீழ்ப்படிதலும் இப்படித்தான். தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டுக் கைகட்டி நின்ற கூட்டத்திலிருந்து வந்த பெண்ணுக்குக் கீழ்ப்படிதலைப் புதுசாகக் கற்றுத்தர என்ன இருக்கிறது? ஆணவத்தை அடக்கச் சொல்லும் பயிற்சி, ஆணவமே கொள்ள விடப்படாதவர்மீது ஏவப்படும்போது அது ஒடுக்குமுறையாக மாறிவிடுகிறது.

இது ஒரு மடத்தின் கோளாறு என்று தள்ளிவிட முடியாது. ஏனென்றால் தமிழ்க் கத்தோலிக்கத்தில் துறவு என்ற வடிவமே சாதியால் இரண்டாகப் பிளக்கப்பட்டிருந்தது. ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். காவியுடுத்தி, மரக்கறி உண்டு, பிராமணச் சந்நியாசியின் ஒழுக்கத்தைத் தனதாக்கினார். பூணூல், குடுமி, சந்தனம் இவற்றை மனம் மாறியவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்று 1623இல் ரோமாபுரியிலிருந்து அனுமதியும் வந்தது. பிறகு 1640 வாக்கில், கீழே வைக்கப்பட்ட சாதிகளுக்கென்று 'பண்டாரசாமி' என்ற தனி வகைக் குருக்கள் ஏற்படுத்தப்பட்டார்கள். மேலே இருப்பவனுக்கு ஒரு சாமியார், கீழே இருப்பவனுக்கு ஒரு சாமியார்! நெல்லைப் பக்கத்து வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதி பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. எது சுத்தம், எது ஒழுக்கம், எது பக்தி என்பதற்கான அளவுகோல் அக்கிரகாரத்திலிருந்து கடன் வாங்கப்பட்டது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. பயிற்சிக் காலத்தில், சில சபைகளில் தலித் பெண்களைச் சேர்ப்பதில்லை, அவர்களுக்கென்று தனிச் சபை உண்டு என்று பாமா கேள்விப்படும் இடத்தை இந்த வரலாற்றோடு சேர்த்து வாசித்தால், அது தற்செயல் இல்லை என்பது விளங்கும்.

4

இனி வடிவத்துக்கு வருவோம். 'கருக்கு' நேர்கோட்டில் போகும் சுயசரிதை இல்லை. பிறந்தேன், வளர்ந்தேன், படித்தேன் என்று வரிசையாகச் சொல்லாமல், நடந்ததற்கே திரும்பத் திரும்ப வருகிறது. ஒருமுறை வேலை என்ற கண்ணால், ஒருமுறை விளையாட்டு என்ற கண்ணால், ஒருமுறை பக்தி என்ற கண்ணால். விமர்சகர்கள் சிலர் இதை எழுத்துப் பயிற்சி இல்லாதவரின் ஒழுங்கின்மை என்றார்கள். வேறு சிலர் எதிர்க்கதையாடல் என்று கோட்பாட்டுப் பெயர் சூட்டினார்கள்.

எனக்கு வேறொன்று படுகிறது. கத்தோலிக்கத் துறவியருக்குத் தினசரிப் பழக்கம் ஒன்று உண்டு. இரவு படுக்கப் போகுமுன் அன்றைய நாளை நினைவில் கொண்டுவந்து, எங்கே தவறினேன், எங்கே கடவுள் என்னைத் தொட்டார் என்று மெதுவாகத் திருப்பிப் பார்ப்பது. இதற்கு ஆத்தும சோதனை என்று பெயர். இஞ்ஞாசியார் எழுதி, 1548இல் போப்பின் அங்கீகாரம் பெற்ற 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் இதற்கு முக்கிய இடம் உண்டு. 'கருக்கு'வை முதலில் வெளியிட்டதும் சேசு சபையினரோடு தொடர்புடைய மதுரை மையம் ஒன்றுதான் என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். மடத்தில் ஏழு வருசம் பழகிய அந்த ஆத்தும சோதனையைத்தான் பாமா எடுத்துக் கையாண்டிருக்கிறார். ஆனால் திசையை மாற்றிவிட்டார். என் பாவம் என்ன என்று உள்ளே மட்டும் குடைந்துகொண்டிருந்த பயிற்சியை, எனக்குச் செய்யப்பட்ட பாவம் என்ன, அதைச் செய்தது யார் என்று வெளியே திருப்புகிறார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியார் கேட்க, சேரிப் பெண் சொன்னாள். 'கருக்கு'வில் சேரிப் பெண் கேட்கிறாள். பதில் சொல்ல வேண்டியது திருச்சபை.

அதனால்தான் சொல்கிறேன், இது விசுவாசத்தை விட்டவர் எழுதிய புத்தகம் இல்லை. ஒரு பயிற்சியை அதைக் கற்றுத் தந்தவர்களைவிட நேர்மையாகச் செய்தவர் எழுதியது. பனங்கருக்கின் இரண்டு பக்கமும் பல் இருப்பதைக் காட்டி, எபிரேயர் நிருபம் சொல்கிற இருபுறமும் கூரான வாளை அவர் நினைவுபடுத்துவதும் இந்த நேர்மையிலிருந்து வருவதுதான்.

5

இவ்வளவும் சொன்னபிறகு குறையையும் சொல்லியாக வேண்டும். புகழ்ந்துவிட்டுப் போவது விமர்சனம் ஆகாது.

'கருக்கு'வில் சேரி உயிரோடு இருக்கிறது. வேலைக்குப் போகிறது, பாடுகிறது, சுடுகாட்டுத் தகராறில் போலீஸ் அடியைத் தாங்குகிறது, சிரிக்கிறது. ஆனால் விசுவாசம் என்ற கேள்வி வரும்போது அந்தக் கூட்டம் பின்னால் போய்விடுகிறது. மடத்துக்குள் போனதும் தனி ஆள். வெளியே வந்ததும் தனி ஆள். வந்தபின் யாரோடு சேர்ந்து ஜெபிப்பது, யாரோடு சேர்ந்து வேதத்தை வாசிப்பது என்பதைப் புத்தகம் கேட்கவில்லை. தலித்துகள் கடவுளைத் தங்கள் பக்கம் நிற்பவராகப் புரிந்துகொள்ளத் தொடங்கிவிட்டார்கள் என்று சொல்கிறது. எங்கே கூடி, எப்படி என்பது இல்லை. 1994இல் வந்த 'சங்கதி'யில் பெண்கள் கூட்டமாக வருகிறார்கள், பேசுகிறார்கள், வைகிறார்கள், கல்யாணத்தை முறிக்க விடாத சபைச் சட்டத்தைக் கேள்வி கேட்கிறார்கள். 'கருக்கு' விட்ட இடத்தை 'சங்கதி' ஓரளவு நிரப்புகிறது. பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) கிறித்தவ வளர்ப்பை எள்ளி நகையாடிக் கடந்துவிடுகிறது. அது ஒரு வழி. ஆனால் எள்ளலால் கடந்துபோக முடியாமல் ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தக் கோயிலுக்கே போய் நிற்கிற லட்சக்கணக்கான சனங்களுக்கு என்ன வழி?

6

இப்போது ஏன் இது தேவை என்பதற்கு வருகிறேன். பங்குகளில் இன்று 'அன்பியம்' என்று ஒன்று இருக்கிறது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் முறைவைத்து வீடு வீடாகக் கூடி, விவிலியம் வாசித்து, கஷ்டநஷ்டம் பகிர்ந்து விசுவாசத்தில் வளர்வது. லத்தீன் அமெரிக்காவில் ஏழைகள் இப்படிக் கூடி வேதம் வாசித்து, அதிலிருந்து நிலத்துக்கும் கூலிக்கும் போராடினார்கள்; 1968இல் மெடலின் நகரில் கூடிய ஆயர்கள் இதை ஊக்குவித்தார்கள். நல்ல வடிவம். ஆனால் நம்ம ஊரில் தெரு என்றால் சாதி. தெருவாரியாக அன்பியம் பிரித்தால் அது சாதிவாரியாகத்தான் பிரியும். ஊர்த்தெருவுக்கு ஒரு அன்பியம், சேரிக்கு ஒரு அன்பியம். எனக்குத் தெரிந்த ஒரு பங்கில் பெரிய வியாழன் அன்று பாதம் கழுவப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுக்க அன்பியத்துக்கு ஒருவர் என்று கேட்டார்கள். சேரிப் பேர் வந்ததும் பட்டியல் நின்றுபோனது. பெண்களின் பாதத்தையும் கழுவலாம் என்று 2016இல் போப் பிரான்சிஸ் விதியை மாற்றினார். எங்கள் பாதத்துக்கு எந்த விதியும் தடை இல்லை, அப்படியும் நின்றுபோனது.

2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டபோது கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. அது தவக்காலம். ஒருசந்தி இருந்துகொண்டே மனுசன் மனுசனை அடிக்க முடிகிறது என்றால், அந்த ஒருசந்தி எதைப் பயிற்றுவித்தது? இந்திய ஆயர் பேரவை 2016இல் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொள்வது பாவசங்கீர்த்தனத்தின் முதல் பாதி. பரிகாரம் என்று இன்னொரு பாதி இருக்கிறதே!

'இந்த மதச் சங்கதியெல்லாம் நமக்கு எதுக்கு?' என்று தோழர்கள் கேட்கலாம். அம்பேத்கர் 1956இல் நாகபுரியில் பௌத்தம் தழுவியபோது கூடவே 22 உறுதிமொழிகளையும் தந்தார். அன்றாடம் கடைப்பிடிக்க ஒரு ஒழுக்கம், சேர்ந்து நிற்க ஒரு சங்கம், இரண்டும் இல்லாமல் விடுதலை வெறும் பேச்சாகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பயிற்சியும் கூட்டும் நமக்கு வேண்டும். அவற்றை யார் வடிவமைப்பது என்பதில்தான் தகராறு.

1950ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறித்தவர், முஸ்லிம் தலித்துகளை அந்தத் திருத்தங்களில் விட்டுவிட்டார்கள். ஆண்டுதோறும் அந்த நாளைக் கறுப்பு நாளாக வைத்து நம் சனங்கள் உண்ணாவிரதம் உட்காருகிறார்கள். நான் பார்த்த உபவாசங்களில் அர்த்தமுள்ளது இதுதான். கூட்டமாக, எதற்கென்று தெரிந்து, தெருவில் உட்கார்ந்து பசித்திருப்பது.

அதனால் ஒரு யோசனை வைக்கிறேன். அடுத்த தவக்காலத்தில் சேரி அன்பியங்களில் 'கருக்கு'வைச் சேர்ந்து வாசிப்போம். விவிலியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வாசிப்போம். ஒவ்வொரு அமர்விலும் பங்கின் ஆத்தும சோதனைக்கென்று சில கேள்விகளை எழுதுவோம். பங்குப் பேரவையில் நம்ம ஆள் எத்தனை பேர்? பீடத்தில் நின்று வாசகம் வாசிப்பது யார் வீட்டுப் பிள்ளை? திருவிழாச் சப்பரம் நம்ம தெருவுக்கு வருகிறதா, முக்கில் திரும்பிவிடுகிறதா? நம்ம பொணம் எந்த வழியா, எந்தக் கல்லறைக்குப் போகிறது? எழுதி, சபை கூடியிருக்கும்போது சத்தமாக வாசிப்போம். பெரிய வியாழனுக்கு முன்னால் பதில் கேட்போம்.