நாள் குறித்தலும் மனம் தேறுதலும்: பினாங்கின் பல நாள்காட்டிகள்

ஏப்ரல் நடுவில் பினாங்கின் புலாவ் திக்குஸ் வட்டாரத்தில் எதிரெதிராக நிற்கும் இரண்டு பௌத்தக் கோயில்களில் புத்தாண்டு பிறக்கிறது. ஒன்று 1803-இல் தோன்றிய தம்மிகாராமா பர்மியக் கோயில். மற்றது 1845-இல் எழுந்த வாட் சையாமங்களாராம் என்னும் தாய்லாந்துக் கோயில். இரண்டிலும் நீர் தெளித்துப் பழைய ஆண்டைக் கழுவுகிறார்கள். அதே நாட்களில் ஜார்ஜ் டவுன் குயின் ஸ்திரீட்டில், 1833 முதல் நிலைபெற்றிருக்கும் மகாமாரியம்மன் ஆலயத்தில் தமிழர்கள் சித்திரை முதல் நாளுக்குக் கூடுகிறார்கள். சீக்கியரின் வைசாகியும் மலையாளிகளின் விஷுவும் அப்போதுதான். சூரியன் மேட ராசியில் நுழையும் நாளை ஆண்டின் தலைநாளாகக் கொண்ட பழைய வானியல் கணக்கு ஒன்று, இத்தனை மக்களையும் ஒரே வாரத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது.

மற்ற நாள்காட்டிகள் வேறு வழியில் நடக்கின்றன. சீனர்கள் 19 ஆண்டுகளுக்கு 7 அதிக மாதங்களைச் சேர்த்து நிலவையும் பருவத்தையும் ஒத்துப்போகச் செய்கிறார்கள். முஸ்லிம்களின் ஹிஜ்ரி ஆண்டு நிலவை மட்டுமே பின்பற்றுவதால் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினோரு நாள் முன்னால் வருகிறது. ஒரே நகரில் இத்தனை தொடக்கங்கள் இருப்பது அழகான செய்தி. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று அதற்குள் இருக்கிறது: இழப்பிலிருந்து மீள ஒரு மனிதருக்கு நாள்காட்டி எந்த வகையில் உதவுகிறது? மானிடவியல், உளவியல், மருத்துவம், வரலாறு ஆகிய நான்கு துறைகளும் இதற்குத் தனித்தனியே விடை தேடியிருக்கின்றன. அவற்றைப் பினாங்கில் வைத்துச் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

துக்கத்தின் தவணைகள்

பிரெஞ்சு அறிஞர் ராபர்ட் ஹெர்ட்ஸ் 1907-இல் எழுதிய கட்டுரையில் போர்னியோவின் டயாக் மக்களின் இரண்டாம் அடக்கச் சடங்கை ஆராய்ந்தார். முதல் அடக்கத்துக்கும் இரண்டாவதற்கும் இடைப்பட்ட காலத்தில் இறந்தவரின் ஆவி இரண்டு உலகிலும் சேராமல் நிற்கிறது. துக்கம் காப்பவர்களும் ஊரோடு சேராமல் ஒதுங்கி நிற்கிறார்கள். இறுதிச் சடங்கு முடியும்போது இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில் விடுதலை கிடைக்கிறது. 1909-இல் ஆர்னோல்ட் வான் கெனப் இந்த அமைப்பைப் பிரிதல், இடைநிலை, மீண்டும் சேர்தல் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டினார்.

பினாங்கின் எந்த வீட்டிலும் இந்த மூன்றையும் காணலாம். தமிழ் இந்துக் குடும்பங்கள் பால் தெளித்தல், பதினாறாம் நாள் கருமாதி, தலைத் திவசம் என்று படிப்படியாக நகர்கின்றன. அந்த ஓராண்டுக்குள் வரும் தீபாவளியைப் பல வீடுகள் கொண்டாடுவதில்லை. தமிழ் முஸ்லிம் வீடுகள் பலவற்றில் மூன்றாம் நாள், ஏழாம் நாள், நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதப்படுகிறது. கணவனை இழந்தவருக்கு இத்தா என்னும் காத்திருப்புக் காலம் நான்கு மாதம் பத்து நாள். சீன வீடுகளில் ஏழேழாக எண்ணி நாற்பத்தொன்பதாம் நாள்வரை சடங்குகள் நீள்கின்றன. பிறகு ஆண்டுதோறும் ஏப்ரல் தொடக்கத்தில் சிங்மிங் அன்று கல்லறைகளைத் துப்புரவு செய்கிறார்கள்.

எண்கள் மாறுகின்றன, பணி மாறவில்லை. இன்று யார் வருவார்கள், என்ன சமைக்க வேண்டும், எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொரு தவணையும் வேலை கொடுக்கிறது. என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவருக்கு அடுத்து வரும் ஒரு நாள் தெரிகிறது. அந்த நாளில் உறவினர் கட்டாயம் வந்து சேர்வார்கள் என்பதும் தெரிகிறது.

மருத்துவம் கேட்கும் கேள்வி

துக்கத்தின் கால அளவு இப்போது மருத்துவ நூல்களிலும் இடம்பெற்றுவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது நீடித்த துக்கக் கோளாறு என்ற வகையைச் சேர்த்தது. ஆறு மாதத்துக்குக் குறையாத காலம் அதற்கு அளவு. அமெரிக்க மனநலச் சங்கத்தின் கையேடு அதே ஆண்டு பெரியவர்களுக்கு ஓராண்டு என்று வைத்தது. இரண்டிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்தத் துக்கம் அவரவர் சமூகத்தின், பண்பாட்டின், மதத்தின் வழக்கத்தை மீறியதாக இருக்க வேண்டும். வழக்கம் எது என்று தெரியாமல் மீறலை எப்படி அளப்பது? தலைத் திவசம் வரையில் ஒதுங்கியிருக்கும் தமிழ்ப் பெண்ணை ஆறு மாத அளவுகோலால் மட்டும் பார்க்கும் மருத்துவர் தவறான முடிவுக்கு வரக்கூடும்.

துக்கம் பற்றிய உளவியலே இதற்குள் நெடுந்தூரம் வந்துவிட்டது. 1917-இல் ஃபிராய்டு, மனம் இறந்தவரிடமிருந்து தன்னைப் படிப்படியாக விடுவித்துக்கொள்வதே துக்கத்தின் வேலை என்றார். 1996-இல் டென்னிஸ் கிளாஸும் அவரது சக ஆய்வாளர்களும், உறவு அறுபடுவதில்லை, உருமாறித் தொடர்கிறது என்று வாதிட்டார்கள். 1999-இல் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹென்க் ஷூட்டும், துயரை எதிர்கொள்வதற்கும் அன்றாட வாழ்வைச் சீர்படுத்துவதற்கும் இடையே மனம் மாறி மாறிச் செல்வதுதான் தேறுதல் என்று விளக்கினார்கள். ஆண்டுக்கொரு முறை திதி கொடுத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போகும் குடும்பம் பின்னிரண்டு கருத்துகளையும் வாழ்ந்து காட்டுகிறது.

நேர்த்திக்கடன் என்னும் தொடக்கம்

புதிய தொடக்கங்கள் குறித்து ஹெங்சென் டாய், கேத்ரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகியோர் 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வாரம், மாதம், ஆண்டு தொடங்கும்போது உணவுக் கட்டுப்பாடு பற்றிய இணையத் தேடலும் உடற்பயிற்சிக் கூட வருகையும் கூடுகின்றன. பழைய தோல்விகளை ‘அந்தக் காலத்து நான்’ மீது இறக்கிவைக்க அந்த நாள் உதவுகிறது என்பது அவர்கள் விளக்கம்.

தைப்பூசம் இதைவிட ஆழமான ஏற்பாடு. பினாங்கில் அது மாநில விடுமுறை. 1894-இல் வந்த நகரத்தாரின் வெள்ளி ரதம் பூசத்துக்கு முதல் நாள் நகரத்துக் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை நோக்கிப் புறப்படுகிறது. 2017 முதல் தங்க ரதமும் செல்கிறது. வழியெங்கும் உடையும் தேங்காய்களில் சீனர்கள் உடைப்பதும் ஏராளம். பினாங்கில் களப்பணி செய்து எலிசபெத் ஃபுல்லர் காலின்ஸ் 1997-இல் வெளியிட்ட நூல், காவடியை அறம்சார்ந்த மீட்சியாகவும் சமூக அதிகாரம் பற்றிய பேச்சாகவும் பார்த்தது. கார்ல் வடிவெல்லா பெல் 2017-இல் வெளியிட்ட நூல், பக்தரின் அனுபவத்தை உள்ளிருந்து விளக்கியது.

காலத்தின் கோணத்தில் பார்த்தால் நேர்த்திக்கடனுக்குத் தெளிவான வடிவம் இருக்கிறது. நோய், மகப்பேறு, கடன், சச்சரவு ஏதோ ஒன்றில் வேண்டுதல் பிறக்கிறது. விரதம் தொடங்குகிறது. குடும்பமும் நண்பர்களும் உடன் நடக்க, காவடி மலையேறுகிறது. பிறகு இடும்பன் பூசையோடு விரதம் முறையாக முடிகிறது. உடற்பயிற்சிக் கூடத்தில் சேரும் சபதத்துக்குச் சாட்சி கிடையாது. காவடிக்கு ஊரே சாட்சி.

தேதி இல்லாத மரணங்கள்

நாள்காட்டி எப்போதும் மக்கள் கையில் இருப்பதில்லை. ஜார்ஜ் டவுன் மணிக்கூண்டை எடுத்துக்கொள்வோம். விக்டோரியா அரசியின் 60 ஆண்டு ஆட்சிக்காகச் சியா சென் இயோக் என்ற செல்வர் வழங்கிய அது ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரம். 1902-இல் அது முடிந்தபோது அரசி உயிரோடு இல்லை. 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் நகரின்மீது விழுந்தன. அடுத்த ஆண்டு மலாயாவின் கடிகாரங்கள் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டு டோக்கியோ நேரத்துக்கு மாறின. 1942-ஆம் ஆண்டு ஜப்பானிய ஆண்டுக் கணக்குப்படி 2602 என்று எழுதப்பட்டது.

அந்த ஆண்டுகளில்தான் ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதையை அமைத்தார்கள். 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிவதற்குள், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் காட்டில் மடிந்தார்கள். யார், எங்கே, எந்த நாளில் என்ற பதிவு இல்லை. திதி கொடுக்க நாள் வேண்டும். அது இல்லாத வீட்டில் துக்கம் தவணைகளுக்குள் வராமல் திறந்தே கிடக்கிறது. மரபு இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. இறந்த நாள் தெரியாதவருக்குப் புரட்டாசியின் மகாளய அமாவாசையில் தர்ப்பணம் கொடுக்கலாம். அது பெரிய கருணை. ஆனாலும் ஒரு சமூகமே சேர்ந்து சுமக்க வேண்டிய துக்கத்தை அது தனித்தனி வீடுகளுக்குள் விட்டுவிடுகிறது. அந்த வெளியை மலேசியத் தமிழ் எழுத்து நிரப்பப் பார்த்தது: ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்கள் தேதியற்றவர்களுக்குக் கதையில் ஓர் இடம் கொடுத்தன.

செய்ய வேண்டியவை

காலம் தானாக எந்தக் காயத்தையும் ஆற்றுவதில்லை. பலர் சேர்ந்து குறித்து, பலர் சேர்ந்து காக்கும் நாள்தான் ஆற்றுகிறது. நான்கு துறைகளையும் பினாங்கில் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குக் கிடைக்கும் முடிவு இது. அதே நாள்காட்டி ஒருவரை வெளியே நிறுத்தவும் கூடும். கணவனை இழந்த பெண்ணைத் திவசம் முடிந்த பிறகும் மங்கல நாட்களில் பின்னுக்குத் தள்ளும் வழக்கம், குடும்பத்துக்குக் கொடுத்த புதுத் தொடக்கத்தை அவளிடமிருந்து பறிக்கிறது. அதைக் கைவிடுவது மரபுக்குச் செய்யும் துரோகம் ஆகாது. மரபு தொடங்கிய வேலையை முடித்துவைப்பதாகும்.

ஆய்வாளர்களுக்கு இரண்டு பணிகள் காத்திருக்கின்றன. பினாங்குத் தமிழ்க் குடும்பங்கள் துக்கத்தை எந்தெந்த நாட்களில், யாரோடு, எப்படிக் காக்கின்றன என்பதைச் சாதி, மத, தோட்ட, நகர வேறுபாடுகளோடு பதிவு செய்ய வேண்டும்; மருத்துவக் கையேடு கேட்கும் ‘வழக்கம்’ என்ற சொல்லுக்கு அப்போதுதான் பொருள் கிடைக்கும். சயாமுக்குப் போனவர்களின் பெயர்களை, அவர்களை நினைவில் வைத்திருக்கும் கடைசித் தலைமுறை இருக்கும்போதே சேகரிக்க வேண்டும். அந்தப் பெயர்களை ஊர் கூடி வாசிக்க ஆண்டில் ஒரு நாளைக் குறிப்பது ஆலயங்களாலும் சங்கங்களாலும் இன்றே முடியும்.