ஒரே பெட்டிக்குள் இரு போட்டியாளர்கள்

விண்டோஸ், மாக்கின்டாஷ், லினக்ஸ் ஆகியவற்றுள் எது சிறந்தது? திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் படிக்க வரும் என் மாணவர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி இது. விடை தேட அவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. அவர்களுடைய அண்ணனோ அக்காளோ பெற்ற அரசு மடிக்கணினியிலேயே இரு போட்டியாளர்கள் ஒன்றாகக் குடியிருந்தனர்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் வழங்கிய இயந்திரங்களில் விண்டோஸோடு 'பாஸ்' என்னும் லினக்ஸும் பதிந்திருந்தது. பாஸ், சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கிய இயக்க அமைப்பு. ஒரே செயலி, ஒரே நினைவகம், ஒரே வட்டு. மாறுவது இயக்க அமைப்பு மட்டுமே. ஆய்வகத்தில் ஒன்றைத் தவிர மற்றவற்றை மாறாமல் வைத்து அளக்கிறோமல்லவா, அத்தகைய அரிய வாய்ப்பு இது. ஆனால் என் மாணவர்களில் பலர் பாஸைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. ஆசிரியர்களாகிய நாங்கள் காட்டவும் இல்லை.

ஒருமுறை செய்முறைக் குறிப்புகளை அச்செடுக்க ஒரு கடையில் பென் டிரைவைக் கொடுத்தேன். திரும்பியபோது கோப்புகள் யாவும் 'ஷார்ட்கட்' குறிகளாகிவிட்டன. விண்டோஸில் அவற்றைச் சொடுக்கினால் வைரஸ் ஓடத் தொடங்கும். அதே பென் டிரைவை பாஸில் செருகினேன். மறைந்திருந்த கோப்புகளும் வைரஸும் அருகருகே சாதுவாகத் தெரிந்தன, வைரஸை அழித்தேன். இதைக் கொண்டு லினக்ஸ் அசைக்க முடியாத கோட்டை என்று முடிவுகட்டிவிடலாகாது. அந்த வைரஸ் விண்டோஸுக்கென எழுதப்பட்டது. திருடன் கூட்டமுள்ள சந்தைக்குத்தானே போவான்!

இதைவிடப் பெரிய ஆபத்து, பிழைதிருத்தம் வராமற்போவது. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வானாகிரை, மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே திருத்தம் வெளியிட்டிருந்த ஓட்டை வழியாகவே நுழைந்தது. திருத்தத்தைப் பதியாதவர்கள் சிக்கினர். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தன. விண்டோஸ் 11, குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகத்தையும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும் கேட்கிறது. 2 ஜிகாபைட் கொண்ட பழைய இயந்திரத்துக்கு வாசலிலேயே தடை. விசைப்பலகையும் திரையும் நன்றாயிருந்தும் புதிதாக ஒன்றை வாங்கு என்கிறார்கள். விலைச்சீட்டில் அச்சிடப்படாத விலை இது. எளிய திரைச்சூழல் கொண்ட லினக்ஸோ அதே இயந்திரத்தில், சற்று மெதுவாகவேனும், புதிய திருத்தங்களோடு இயங்கும். கட்டுரை எழுதவும் பைத்தான் மொழி பயிலவும் அது போதும்.

ஆப்பிளின் வன்பொருள் சிறந்தது என்பதில் ஐயமில்லை. 2020 நவம்பரில் வந்த எம்1 சில்லு குறைந்த மின்சாரத்தில் மிகுந்த வேலை செய்கிறது. ஆனால் நினைவகம் சில்லோடு ஒன்றாகவே பொருத்தப்பட்டிருப்பதால், பின்னால் ஒரு ஜிகாபைட்கூடக் கூட்ட வழியில்லை. விலையோ நம் மாணவர் குடும்பங்களுக்கு எட்டாதது.

லினக்ஸிலும் குறை உண்டு. வணிகவியல் மாணவருக்கு வேண்டிய டேலி, விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. சில அச்சுப்பொறிகளும் முரண்டு பிடிக்கும். ஆகவே வீட்டில் பழைய மடிக்கணினி இருந்தால், உடனே விண்டோஸை அழித்துவிடாதீர்கள். கோப்புகளை நகலெடுத்து வையுங்கள். பிறகு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, வட்டில் பதியாமலே ஒரு வாரம் இயக்கிப் பாருங்கள். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி மூன்றும் ஒத்துழைத்தால் பதிந்துகொள்ளலாம்.