எழுத்து யாரிடம் போகிறது? – கையேடுகளின் ஆயுள் பற்றி

எழுதக் கற்றுத்தரும் கையேடுகளில் கருவியைப் பேசும் பக்கங்கள் சீக்கிரம் காலாவதியாகும், கோட்பாட்டைப் பேசும் பக்கங்கள் என்றும் நிற்கும் என்றொரு கருத்து இப்போது மேடைகளில் எளிதாகக் கைதட்டல் வாங்குகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் துறையின் வரலாறு அதற்குச் சாட்சி சொல்லவில்லை. கோட்பாடு பேசிய நூல்கள் பல மக்கிப்போயின. மறைந்துபோன கருவியைப் பற்றி எழுதிய நூல்கள் சில இன்றும் உயிரோடு இருக்கின்றன. எழுதப்படும் எழுத்து யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்று ஒரு கையேடு நினைத்ததோ, அதுதான் அதன் ஆயுளை முடிவுசெய்கிறது.

நம் மரபிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. தொல்காப்பியச் செய்யுளியலை வாசகர்கள் அறிவார்கள்; அதைக் கடந்து பாட்டியல் நூல்களுக்கு வருவோம். பன்னிரு பாட்டியல், குணவீர பண்டிதரின் வெண்பாப் பாட்டியல் போன்றவை ஒருகாலத்தில் புலவனுக்கு இன்றியமையாத கையேடுகள். மங்கலச் சொல்லில் தொடங்க வேண்டும். முதற்சீரில் நச்செழுத்து வரக்கூடாது, அமுத எழுத்து வர வேண்டும். பாட்டுடைத் தலைவனின் பெயருக்கும் நாளுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும். பொருத்தங்கள் பத்து. கலம்பகத்தில் தேவருக்கு 100 பாட்டு, அந்தணருக்கு 95, அரசருக்கு 90 என்று தொடங்கி வேளாளருக்கு 30 வரை இறங்கும் கணக்கும் உண்டு. இத்தனை நுணுக்கமும் புரவலன் ஒருவனை முன்னிறுத்தியது. புரவலன் போனான், நூலும் போனது. அமிதசாகரரின் யாப்பருங்கலக் காரிகையோ ஓசையைக் கேட்கும் காதுக்காக எழுதப்பட்டது. வெண்பா எழுத விரும்பும் இளைஞர் இன்றும் அதைத்தான் தேடிப் போகிறார்.

ஆங்கிலத்தில் இந்தத் துறையின் வேதமாகக் கருதப்பட்டது வில்லியம் ஸ்ட்ரங்கின் சிறுநூல். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தம் மாணவர்களுக்காக 1918இல் அவர் அச்சிட்டதை, அவரிடம் படித்த ஈ. பி. ஒயிட் விரித்தெழுதி 1959இல் வெளியிட்டார். அரை நூற்றாண்டு கழித்து, 2009இல், மொழியியலாளர் ஜெஃப்ரி புல்லம் அந்த நூலை உலுக்கி எடுத்தார். செயப்பாட்டு வினையைக் கண்டிக்க அது காட்டிய நான்கு எடுத்துக்காட்டுகளில் மூன்று செயப்பாட்டு வினையே அல்ல என்று காட்டினார். என்றுமுள கோட்பாடு என்று நம்பப்பட்டது இப்படி விழுந்தது. அதே மரபில் வந்த வில்லியம் ஜின்சர், ஐ.பி.எம். டிஸ்ப்ளேரைட்டர் என்ற கருவியோடு தாம் பட்ட பாட்டை 1983இல் ஒரு நூலாக எழுதினார். அந்தக் கருவி இன்று அருங்காட்சியகப் பொருள். நூலை இன்றும் படிக்கலாம். தான் எழுதிய வாக்கியத்தை இன்னொருவர் கண்ணால் பார்த்துத் திருத்தும் ஒருவர் அதில் இருக்கிறார்.

வலைப்பதிவுக் கையேடுகளுக்கு வருகிறேன். இங்கே அநியாயமாக மறக்கப்பட்டவர் ரெபெக்கா பிளட். பிளாக்கர் சேவை தொடங்கிய 1999லேயே பதிவு எழுத வந்தவர். வலைப்பதிவுகளின் வரலாறு பற்றி 2000இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் தொடக்க ஆவணம். 2002இல் அவருடைய வலைப்பதிவுக் கையேடு வந்தது. அன்றைய கருவிகளைப் பற்றிய பக்கங்கள் அதில் இப்போது பயன்படாதவை. ஆனால் பதிவரின் அறம் பற்றி அவர் வகுத்த ஆறு நெறிகளை இதழியல் மாணவர்களுக்குப் பாடமாக வைக்கலாம். உண்மை என்று தான் நம்புவதை மட்டுமே உண்மையாக வெளியிட வேண்டும். பேசும் விஷயம் இணையத்தில் இருந்தால் அதற்குச் சுட்டி தர வேண்டும். தவறு நேர்ந்தால் எல்லார் முன்னும் திருத்த வேண்டும். எழுதியதை மாற்றவே முடியாது என்பதுபோல எழுத வேண்டும்; பிறகு சேர்க்கலாம், சத்தமில்லாமல் அழிக்கவோ மாற்றி எழுதவோ கூடாது. தன் சொந்த நலன் கலந்திருந்தால் சொல்லிவிட வேண்டும். ஐயத்துக்குரிய, சார்புள்ள ஆதாரத்தை அப்படியே குறிப்பிட வேண்டும். ஆசிரியர் குழுவோ சரிபார்ப்பவரோ இல்லாத தனிமனிதர் கையில் அச்சகம் வந்துவிட்டது என்பதன் முழுக் கனத்தையும் உணர்ந்து எழுதியவர் அவர். அவர் மனத்தில் இருந்த வாசகர் சுட்டியைத் திறந்து மூலத்தைப் படிப்பவர், நாளை திரும்பி வந்து கேள்வி கேட்பவர்.

அடுத்த சில ஆண்டுகளில் வந்த கையேடுகள் பெரும்பாலும் இந்த வாசகரை வெளியே தள்ளிவிட்டு, தேடுபொறியை அந்த இடத்தில் உட்காரவைத்தன. தலைப்பில் என்ன சொல் வர வேண்டும், அது பத்திக்கு எத்தனை முறை திரும்ப வர வேண்டும், யாரோடு சுட்டி மாற்றிக்கொள்ள வேண்டும், விளம்பரப் பெட்டியை எந்த மூலையில் ஒட்ட வேண்டும் – இதுவே பாடம். பாட்டியலின் பொருத்தங்களை வேறு புரவலனுக்காக மறுபடி எழுதியதுபோன்ற வறட்சி. 2011 பிப்ரவரியில் பாண்டா, 2012 ஏப்ரலில் பென்குயின் என்று கூகுள் தன் கணக்கீட்டு முறையை இரண்டு முறை திருத்தியது. சொல் திணித்த மலிவுக் கட்டுரைகளும் செயற்கைச் சுட்டிகளும் தரவரிசையில் சரிந்தன. நேற்று வெற்றிக்கு வழி என்று சொன்ன அத்தியாயம் இன்று தண்டனைக்கு வழி ஆனது. 2013 ஜூலையில், பதிவுகளைத் திரட்டிக் காட்டிய கூகுள் ரீடரும் மூடப்பட, பதிவரைத் தொடர்ந்து படிப்பவர்களைத் திரட்டும் உத்திகளுக்கும் அடித்தளம் போனது. காலத்தின் வேகத்தை மட்டும் இதற்குக் குறை சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஒரு நிறுவனத்தின் மனப்போக்கை இலக்கணமாக எழுதியவர்கள் அந்த மனம் மாறும் நாளையும் சேர்த்தே எழுதிக்கொண்டார்கள்.

தமிழ்ப் பதிவுலகின் தொடக்ககாலக் குறிப்புகளையும் இதோடு சேர்த்து ஒதுக்குவது பெரும்பிழை. டிஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியீட்டிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுவது எப்படி, இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவுவது எப்படி, தமிழ்மணம் திரட்டியில் பதிவைச் சேர்ப்பது எப்படி என்று ஒருவருக்கொருவர் எழுதிக்கொடுத்த பாடங்கள் அவை. எதிர்முனையில் இருப்பவர் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியாமல், தமிழ் தமிழாகத் தெரிய வேண்டும் என்ற கவலையே அவற்றை எழுதவைத்தது. இன்று கைப்பேசியிலேயே தமிழ் விசைப்பலகை இருப்பதால் அவை தேவைப்படவில்லை. வேலையை முடித்துவிட்டு விடைபெற்ற பாடங்கள் என்ற மரியாதை அவற்றுக்கு உண்டு.

இப்போது இயந்திரத்திடம் கட்டளை கொடுத்து எழுத்தை வாங்குவது எப்படி என்ற கையேடுகள் குவிகின்றன. எந்தச் சொல்லைக் கொடுத்தால் எந்த நடை வரும் என்பதே அவற்றின் முழு அக்கறை. அந்த இயந்திரத்தின் மொழி மாதிரி மாறும்போது அவையும் போகும். தமிழில் புதிதாகக் கையேடு எழுத நினைப்பவர்கள் அந்தப் பக்கம் போகாமல் எழுதியதைச் சத்தமில்லாமல் மாற்றக்கூடாது என்ற பிளட்டின் நான்காவது நெறியிலிருந்து தொடங்கலாம். நம் இலக்கியச் சண்டைகள் இன்று ஃபேஸ்புக்கில் நடக்கின்றன. காலையில் எழுதிய குற்றச்சாட்டு மாலையில் காணாமல் போகிறது அல்லது வேறு சொற்களோடு நிற்கிறது; எதிர்வினை எழுதியவர் எதற்கு எழுதினார் என்று காட்ட யாரோ எடுத்துவைத்த திரைப்பிடிப்புதான் மிச்சம். எழுதியதை எப்போது திருத்தலாம், திருத்தியதை எப்படி அறிவிக்க வேண்டும், நீக்கினால் என்ன குறிப்பு விட வேண்டும் என்று நமக்கென ஒரு சிறு அத்தியாயம்கூட இல்லை. அதை எழுத எந்தக் கருவியும் நிலைபெறும்வரை காத்திருக்கத் தேவையில்லை.