சிரிப்புக்குள் அகப்படாத ஊர்ச்சபை

றொல்வ் லிசியின் 'டி ஷ்வைசர்மாஹர்' (1978) படத்தில், சுவிஸ் குடியுரிமை கேட்பவர்களைச் சூரிச் பொலிசார் இருவர் வேவு பார்க்கிறார்கள். ஒருவர் கடுகடுப்பு, மற்றவர் இளகிய மனம். சமையலறை வேலை முடிந்து பார்த்த நாங்களும் வயிறு நோகச் சிரித்தோம். ஆனால் சிரிப்பெல்லாம் பொலிஸ்காரர் தலையிலேயே விழுகிறது. எமது குறை அதுதான்.

இங்கே குடியுரிமைக்கு மூன்று படி: ஊர்ச்சபை, கன்ரோன், சமஷ்டி அரசு. இன்றைய சமஷ்டிச் சட்டம் 10 வருட வாசம் கேட்கிறது. கன்ரோன் தன் பங்குக்கு 2 முதல் 5 வருடம் கேட்கும். வேலைக்காகக் கன்ரோன் மாறும் கோப்பை கழுவுகிறவனுக்கு அந்தக் கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து.

ஊரார் கையுயர்த்தித் தீர்ப்பது படத்துக்கு முந்திய வழக்கம். 2000இல் எம்மன் என்ற ஊரில் விண்ணப்பங்கள் வாக்குப்பெட்டிக்கே போயின. இத்தாலியர் தேறினர், யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்கள் தள்ளப்பட்டனர். 2003இல் சமஷ்டி நீதிமன்றம் குறுக்கிட்டது: மறுத்தால் காரணம் சொல்லவேண்டும்; வாக்குச்சீட்டு காரணம் சொல்லாது.

1949இலிருந்து எம்மவர் கேட்ட சமஷ்டி, மத்தியின் பிடியைத் தளர்த்துவது. ஊரின் பிடியைத் தளர்த்த மத்தியிடம் போகவேண்டி வரும் என்று எங்கள் மேடைகளில் யாரும் சொன்னதாக ஞாபகமில்லை. லிசியும் சொல்லவில்லை. அவரது படத்தில் அயலவர், பொலிசுக்குப் பதில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தும் துணைப்பாத்திரம்.