வெல்க்ரோவில் ஒட்டிய ஒரு நாள்

சிறப்புக் கல்வி வகுப்பில் எனக்கு மிகப் பிடித்த பொருள் படக் கால அட்டவணை. நீளமான ஓர் அட்டை, நடுவே வெல்க்ரோ பட்டை, அதில் மேலிருந்து கீழாகக் கைகழுவும் குழாய், புத்தகம், சாப்பாட்டுத் தட்டு, பள்ளி வேன். ஒரு வேலை முடிந்ததும் பிள்ளையே படத்தைப் பிய்த்து ‘முடிந்தது’ பையில் போடுகிறது. அடுத்து என்ன என்ற கலக்கம் தணிகிறது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குக் கேட்டுப் புரிவதைவிடப் பார்த்துப் புரிவது எளிது. 1972இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் மாநிலத் திட்டமான ‘டீச்’ இம்முறையைப் பரப்பியது. மலேசியாவின் கோலசிலாங்கூர்த் தோட்டப்புறங்களுக்கு இது இன்னும் பொருந்தும். வீட்டில் தமிழ், வெளியே மலாய். படம் இரண்டுக்கும் பொது. பெரட்டு எனும் தோட்டக் காலைக்கூட்டத்தில் அன்றைய வேலையைத் தெரிந்துகொண்டு வேலைக்காட்டுக்குப் போன தாத்தா பாட்டிகளைப் போல, பேரப்பிள்ளையும் தன் நாளை முன்கூட்டியே அறிகிறது.

நல்ல ஆசிரியர் கடையில் வாங்கிய படத்தோடு நிற்பதில்லை. தன் பள்ளிக் குழாயையே படமெடுத்து ஒட்டுவார். படம் புரியாத பிள்ளைக்கு நிஜத் தட்டையே கையில் கொடுப்பார்.

சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்பது 2019 முதல் மலேசியாவின் கொள்கை. சேர்ந்த பிள்ளையை உண்மையாகவே வரவேற்பவை இத்தகைய அட்டைகள்தான். அவற்றை வெட்டி ஒட்டும் ஆசிரியர்களுக்கு என் வணக்கம்.