படத்துக்கு உரியவர் யார்?

வெள்ளிமலை! பெயரைச் சொன்னதும் முகில் தவழும் முகடும், மூங்கிற் புதரும், முழங்கிவரும் அருவியும் நம் கண்முன் தோன்றுகின்றன. அருவியோரம் ஒரு குறமகளை நிறுத்திவிட்டால் ஓவியம் முடிந்தது என்று மகிழ்கிறோம். அவள் உண்டாளா, உறங்கினாளா, அவள் பெயர் என்ன என்று கேட்பதில்லை. வள்ளிக்குத் திருமணம் முடித்துவைத்த புராணிகன் வேலனின் ஆசையை விரித்து விரித்து உரைத்தான். வள்ளியின் இசைவைப் பெறக் கிழவன் வேடமும் யானையின் மிரட்டலும் போதும் என்று முடிவு கட்டினான்! அந்தப் புராணிகன் மறைந்துவிடவில்லை. ஏட்டையும் எழுத்தாணியையும் வைத்துவிட்டு, காமிராவைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிறான். அவன் எடுப்பதற்கு ஆவணப்படம் என்று பெயர்.

2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் 60க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. உடனே கல்வராயன் மலைக்கும் காமிராக்கள் விரைந்தன. காட்டியவை யாவை? ஓடையோரத்து ஊறல், கொட்டிக் கவிழ்க்கப்படும் பேரல், சுற்றி நிற்கும் காவலர். கருணாபுரத்தாரைக் கொன்றது மெத்தனால், ஆலைகளுக்குரிய வேதிப்பொருள், மலையின் ஊறலில் ஊறி வந்ததன்று. ஆயினும் மலையென்றால் சாராயம் என்ற எண்ணமே பார்த்தோர் நெஞ்சில் பதிந்தது. அங்கே காய்ச்சுவோரே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. இருக்கின்றனர். ஏன் காய்ச்சுகின்றனர் என்பதை அவர்கள் வாயாலேயே கூறக் கேட்டுப் படமாக்க முனைந்தோர் எத்தனை பேர்?

அதே ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் அம்மலை மக்களின் அவலநிலை குறித்துத் தானாகவே வழக்கெடுத்தது. வழக்கறிஞர் ஒருவரின் பேட்டி அதற்குத் தூண்டுகோலாயிற்று. வரவேற்கிறோம், மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அங்கும் பேசியவர் வழக்கறிஞரே. வதைபடுவோன் பேச, வையம் கேட்கும் படம் எங்கே?

இந்நோய் இன்று நேற்று வந்ததன்று. 1909இல் ஏழு தொகுதிகளில் தென்னாட்டுக் குலங்களையும் குடிகளையும் பட்டியலிட்டார் எட்கர் தர்ஸ்டன். கேரளத்தாரல்லாத, மலையில் வாழ்வதால் மலையாளிகள் எனப்படும் குடியினரும் அதில் உண்டு. மனிதரின் மூக்கை நீளமும் அகலமுமாக அளந்த அறிஞர் அவர்! 1922இல் வந்தது பிளாகர்ட்டியின் ‘வடநாட்டு நானூக்’. ஆவணப்படக் கலைக்கே அதனை முன்னோடி என்பர். பனிநாட்டு வேடனான அப்படத் தலைவனின் உண்மைப் பெயர் அல்லகாரியல்லாக். துப்பாக்கி பிடித்துப் பழகிய கையில் ஈட்டியைக் கொடுத்தனர். இசைத்தட்டைக் கண்டறியாதவன்போல் அதைக் கடிக்கச் செய்தனர். உலகம் கண்டு சிரித்தது. எடுத்த படத்தை அம்மக்களுக்குத் திரையிட்டுக் காட்டியவரும் பிளாகர்ட்டியே; அதை மறைப்பது நேர்மையன்று. ஆனால், காட்டுவது ஒன்று, கதையின் போக்கை முடிவு செய்யும் உரிமையைக் கொடுப்பது வேறொன்று.

வடதுருவம் கிடக்கட்டும், நம் முதுமலைக்கு வருவோம். யானைக்குட்டிகளை வளர்த்த காட்டுநாயக்கர் தம்பதியரைப் பற்றிய படம் 2023இல் ஆஸ்கார் பரிசு பெற்றது. தமிழகமே பூரித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அத்தம்பதியர், தமக்குச் சொன்னபடி நடக்கவில்லை என்று குறைகூறினர். படமெடுத்தோர் அதை மறுத்தனர். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புரைக்க நாம் அமரவில்லை. ஒன்றைத்தான் கேட்கிறோம்: படப்பிடிப்பு தொடங்குமுன்னரே, இரு சாராரும் அமர்ந்து, வருவாயில் யாருக்கு எவ்வளவு, வெட்டுவதும் ஒட்டுவதும் யார் சொற்படி என்று அவர்கள் மொழியிலேயே எழுதி வைக்கும் வழக்கம் நம் திரையுலகில் உண்டா?

வழி காட்டியோர் இல்லாமலில்லை. கானடாவில் ஃபோகோ என்றொரு மீனவத் தீவு; அத்தீவினரை வேறிடத்தில் குடியேற்றும் பேச்சு எழுந்த வேளை. 1967இல் அங்கே சென்ற காலின் லோ, மீனவரைப் பேசவிட்டுப் படமெடுத்தார். எடுத்ததை முதலில் அவர்களுக்கே காட்டினார். வேண்டாமென்றதை நீக்கும் உரிமையும் அவர்களுக்கே. அதன் பின்னரே அமைச்சர் பார்த்தார். மீனவர் கூட்டுறவு கண்டனர், தீவிலேயே தங்கினர்.

நமக்கு அருகே, தெலங்கானாவின் பஸ்தாபூர்ப் பகுதியில், தக்காண வளர்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் காமிராவைத் தாமே ஏந்தினர். எழுத்தறியாத உழைப்பாளிப் பெண்கள் அவர்களில் பலர். விதையைப் பற்றியும் சிறுதானியத்தைப் பற்றியும் அவர்கள் எடுத்த படங்களைவிட, தொழிலுக்கு அவர்கள் படைத்த சொற்கள் நம்மைத் தலைவணங்கச் செய்கின்றன. மேலிருந்து கீழ்நோக்கி எடுத்தால் அது பட்டேல் பார்வை — பண்ணையார் நம்மைப் பார்ப்பது அப்படித்தானே! கீழிருந்து அண்ணாந்து எடுத்தால் அடிமைப் பார்வை. கண்ணுக்கு நேரே கண்வைத்து எடுத்தால் சங்கப் பார்வை. சங்கத்தில் எல்லோரும் சமமாக அமர்கின்றனரல்லவா? திரைக்கலைக் கல்லூரிகள் ஆண்டுக்கணக்கில் கற்பிப்பதை மூன்றே சொற்களில், முதுகில் பட்ட அடியின் நினைவோடு சொல்லிவிட்டனர்.

தமிழருக்கு இது புதுமையுமன்று. குறமகள் இளவெயினி என்ற மலைமகள் ஏறைக்கோனைப் பாடிய பாட்டு புறநானூற்றில் 157ஆம் பாட்டாக நிற்கிறது. அவளுக்காக வேறொருவர் பாடவில்லை, அவளே பாடினாள். பின்னர் எத்தனை நூற்றாண்டு அந்தக் குரலைக் கேளாமல் குறவஞ்சி நாடகங்களில் குறத்தியைக் குறிசொல்லவும் கூத்தாடவும் விட்டோம்!

ஆகவே, கதைசொல்லப் பயிற்றுவிக்கிறோம் என்று மலைகளுக்குப் புறப்படும் நண்பர்களிடம் சில சொல்ல விழைகிறோம். மூன்று நாள் முகாம், முடிவில் சான்றிதழ், வரிசையாய் நிற்கவைத்து ஒரு புகைப்படம், பிறகு மலையிறக்கம் — இதற்குப் பயிற்சி என்று பெயரிட வேண்டா. சிறுவர் எடுத்த படங்களை யார் வைத்துக்கொள்வது? நகரத்துக் காட்சிக்கூடத்தில் விலைபோனால் காசு யாருக்கு? ஒப்பம் வைத்தவள் ஆறு திங்கள் கழித்து மனம் மாறினால் படத்தை எடுத்துவிடுவீரா? மறுமொழியைக் கையில் கொண்டு செல்லுங்கள்.

கல்வராயன் மலையில் சொல்லவேண்டிய கதைக்கும் பஞ்சமில்லை. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் எனும் மூன்று ஜாகிர்களின் கீழ்க் கிடந்த மலை அது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டு கழித்து, 1976இல்தான் அரசு அம்மலையை ஏற்றது. அதுவரை கூலியின்றி உழைத்தோரில், அன்று இருபது வயதினராயிருந்தோர் இன்று எழுபதை ஒட்டியவர்கள். அவர்கள் சொல்லக் கேட்டு எழுதியோர் சிலரே. முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். பேரப்பிள்ளைகள் கையில் கைப்பேசி உண்டு, அதிலே காமிராவும் உண்டு. பயிற்சியாளர் முதலில் அந்தத் திண்ணைகளுக்குப் போகட்டும். பாட்டி பேசட்டும், பேத்தி எடுக்கட்டும். முதற் காட்சி வெள்ளிமலையில் நடக்கட்டும். சென்னையின் முறை அதற்குப் பிறகு வரும்.